மலிவான ஊர் யாருக்கு மலிவு?

வியட்னாமின் நடுக் கடற்கரையில் குயிஞோன் என்றொரு பட்டணம் உண்டு. சைகோன், ஹனோய் நகரங்களின் வாடகைக்கு அஞ்சும் அயல்நாட்டார் சிலர் இங்கே வந்து குடியிருக்கிறார்கள்.

ஊர் அழகானதுதான். பிறைபோல் வளைந்த கடற்கரையில் விடியுமுன்பே ஊரார் நீந்த வந்துவிடுவார்கள். பசியாற மீன் கேக் போட்ட மீகூன் சூப் கிடைக்கும். பட்டணத்துக்குள்ளேயே சம்பா அரசர் காலத்து இரட்டைச் செங்கல் கோபுரங்கள் நிற்கின்றன. சிவனை வணங்கிய அந்த அரசர்களின் தலைநகரான விஜயா, 1471இல் வீழும்வரை இதன் அருகில்தான் இருந்தது.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். வெளிநாட்டுப் பணத்தை மாற்றிச் செலவழிப்பவருக்குத்தான் இந்த ஊர் மலிவு. அங்கேயே கூலி வாங்கும் மீனவருக்கு அதே விலை மலிவாகாது.

போக நினைக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். மலேசியக் கடப்பிதழுக்கு விசா இல்லாமல் 30 நாள்தான். 2023 ஆகஸ்டு முதல் மின்விசாவில் 90 நாள்வரை தங்கலாம். வேலை செய்ய அனுமதி தனி. நிலம் வாங்கிச் சொந்தமாக்க முடியாது. செப்டம்பர் முதல் டிசம்பர்வரை மழையும் புயலும் உண்டு.

மொழியும் எளிதல்ல. 'மா' என்ற ஓரோசையே சுரம் மாறினால் அம்மா, பேய், குதிரை, நாற்று என்று பொருள் மாறும்.

நம் பாட்டன்மார் வெறுங்கையோடு கடல் கடந்தார்கள். இவர்கள் சேமிப்போடு போகிறார்கள். ஆனாலும் பக்கத்து வீட்டார் பேச்சைக் கற்றுக்கொண்டால்தான், பிழைக்க வந்த ஊர் வாழும் ஊராகும்.