பகல் முழுக்கக் கொழுப்பில், மாலையில் கஞ்சியில்

2 மார்ச் 2025, ஞாயிறு

ரமலானின் முதல் நோன்பு. நாளை பிளஸ் டூ தேர்வு தொடங்குகிறது. சந்தேகம் கேட்க வந்த பிள்ளைகளில் ஒருத்தி, "சார், நோன்பு வச்சா உடம்பு எதை எரிக்கும்?" என்றாள். தேர்வுக்கு வராத கேள்விதான். ஆனாலும் அதற்குத்தான் அதிக நேரம் பதில் சொன்னேன்.

காலையில் சில மணி நேரம் விடியுமுன் உண்ட சஹர் சாப்பாட்டிலேயே உடம்பு ஓடும். பிறகு கல்லீரலில் இருக்கும் கிளைகோஜன், ஏறத்தாழ 100 கிராம், கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாகி ரத்தத்துக்கு வரும். அதற்குள் இன்சுலின் தாழ்ந்துவிடும். அது தாழ்ந்தால் கொழுப்புத் திசு தன் சேமிப்பை உடைத்துக் கொழுப்பு அமிலமாக வெளியே விடும். கொழுப்பு தண்ணீரில் கரையாது. அதனால் ஆல்புமின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு ரத்தத்தில் போகும். பிற்பகல் அஸர் தொழுகை நேரத்தில் இதயமும் கால் தசையும் பெரும்பாலும் அந்தக் கொழுப்பு அமிலத்தில்தான் இயங்குகின்றன. மூளை கொழுப்பு அமிலத்தை எரிபொருளாக எடுப்பதில்லை. மைட்டோகாண்ட்ரியா இல்லாத ரத்தச் சிவப்பணுவால் அது முடியவே முடியாது. இந்த இரண்டுக்காகத்தான் கல்லீரல் சர்க்கரையைக் கட்டிக் காக்கிறது.

6 மார்ச், வியாழன்

பள்ளிவாசல் கஞ்சி. பச்சரிசிக் குருணை, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால். தொட்டுக்கொள்ளக் கடலை எண்ணெயில் பொரித்த வடை. எங்கள் பக்கத்துக் கறம்பக்குடியும் ஆலங்குடியும் கடலை விளையும் பூமி. தென்னையும் உண்டு, 2018 கஜா புயல் சாய்த்தது போக.

அந்த வடையின் எண்ணெய் நேராகக் கல்லீரலுக்குப் போவதில்லை. பித்தநீரும் கணைய நொதியும் அதை உடைக்கின்றன. குடல் செல் மறுபடி அதை ஒன்றுசேர்த்து, புரத உறை போட்டு, நிணநீர்க் குழாயில் விடுகிறது. அங்கிருந்து மார்பு வழியே ஏறி இடது கழுத்தடியில் ரத்தத்தில் கலக்கிறது. தேங்காய்ப்பாலில் உள்ள குட்டையான கொழுப்பு அமிலங்கள் மட்டும் குடலிலிருந்து நேராகக் கல்லீரலை அடைகின்றன.

கஞ்சி இறங்கியதும் இன்சுலின் ஏறும். கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு வெளியே வருவது நிற்கும். உள்ளே போவது தொடங்கும். கல்லீரல் கொழுப்பை உருவாக்கும் வேளையில் மலோனைல் கோ-ஏ என்ற பொருள் பெருகி, கொழுப்பு அமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைவதையே தடுத்துவிடும். ஒரு கையால் ஆக்கி மறு கையால் எரிக்கும் வீண்வேலை நடப்பதில்லை. 1977இல் மெக்காரியும் ஃபாஸ்டரும் கண்டது இது. எத்தனை முறை பாடம் எடுத்தாலும் இந்த இடம் எனக்குச் சிலிர்க்கும்.

13 மார்ச், வியாழன்

அக்கா மகனுக்குச் சிறுவயதிலிருந்தே முதல் வகைச் சர்க்கரை நோய். நேற்று இரவு வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு. புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். யாருக்கும் சொல்லாமல் நோன்பு வைத்திருக்கிறான், இன்சுலின் ஊசியையும் நிறுத்தியிருக்கிறான். "சாப்பிடாத பகலுக்கு ஊசி எதுக்கு மாமா?" என்று கேட்கிறான். ஊரில் படித்தவர்கள்கூட இப்படித்தான் நினைக்கிறார்கள்.

இன்சுலின் சாப்பாட்டுக்கு மட்டுமானது அல்ல. பட்டினி கிடக்கும்போதும் ஆரோக்கியமான உடம்பில் அது கொஞ்சம் சுரந்துகொண்டே இருக்கும். கொழுப்பு அளவோடு வெளிவருவது அதனால்தான். அந்தக் கொஞ்சமும் இல்லாதவனுக்குக் கொழுப்பு அமிலம் கட்டில்லாமல் கல்லீரலில் வந்து கொட்டும். கல்லீரல் அதைக் கீட்டோன்களாக்கும். ரத்தம் அமிலமாகும். உயிர் போகும். 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயது லியோனார்ட் தாம்சனுக்கு இன்சுலின் செலுத்தியபோது, சிறுநீரில் இருந்த கீட்டோன்கள் மறைந்தன. அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை.

அவன் தேறிவருகிறான். அல்ஹம்துலில்லாஹ்.

20 மார்ச், வியாழன்

"நோன்பு வைத்தால் கொழுப்பெல்லாம் கரைந்துவிடும்" என்று கடைத்தெருவில் பேச்சு. பகலில் கரைவது உண்மை. இரவில் அதைவிட அதிகமாகச் சாப்பிட்டால் அவ்வளவும் திரும்ப ஏறுவதும் உண்மை. நெடும்பட்டினி வேறு. 1967இல் ஓவனும் கேஹிலும் வாரக்கணக்கில் உண்ணாதிருந்தவர்களைச் சோதித்து, மூளையே பெரும்பகுதி கீட்டோன்களில் இயங்குவதைக் கண்டார்கள். நம் பகல் சுமார் 13 மணி நேரம். அந்த நிலைக்கு நாம் போவதே இல்லை.

31 மார்ச், திங்கள்

பெருநாள். தொழுகை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனேன். பையன் ஊசி போட்டுக்கொண்ட பிறகுதான் பிரியாணிக்கு உட்கார்ந்தான். நோயாளிக்கு நோன்பில் சலுகை குர்ஆனிலேயே இருக்கிறது என்று இமாம் அவனிடம் பொறுமையாகப் பேசியிருக்கிறார். அது மருத்துவர் சொன்னதைவிட அவன் மனதில் இறங்கியிருக்கிறது.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஒன்று. கிளிமிபிரைடு போன்றவை வெறும் வயிற்றிலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். சர்க்கரை திடீரென்று இறங்கும். 70க்குக் கீழே போனாலும் 300க்கு மேலே ஏறினாலும் உடனே நோன்பைத் திறந்துவிட வேண்டும். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது. அடுத்த ரமலான் பிப்ரவரியில் வருகிறது. ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் ஆறு வாரம் முன்பே, டிசம்பர் கடைசியிலோ ஜனவரித் தொடக்கத்திலோ மருத்துவரைப் பாருங்கள். வைக்கலாமா என்று கேளுங்கள். அளவை அவர் மாற்றட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.