எழுத்தறியா ஆசிரியன்

கற்பிப்பதற்கென்று கடல் கடந்து செல்பவன் தன்னோடு எடுத்துச் செல்வது தன் கல்வியை என்றே எண்ணுகிறான். கரையேறியதும் அவனுக்கு முதலில் வாய்ப்பதோ கல்லாமை. 2013ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஜப்பானின் தென்பகுதியிலுள்ள ககோஷிமா நகரில், நடுநிலைப் பள்ளி ஒன்றின் ஆங்கிலத் துணையாசிரியனாகச் சென்று சேர்ந்தேன். 1987 முதல் அந்நாட்டு அரசு நடத்திவரும் திட்டத்தின்படி அமைந்த பணி அது.

எங்கள் கே.ஜி.கண்டிகை எல்லையோர ஊர். திருத்தணிப் பகுதி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்ததே 1960 ஏப்ரல் முதல் நாளில்தான். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், சந்தையில் இரண்டும் என்று வளர்ந்தவர்களுக்கு இன்னொரு மொழி அச்சமூட்டுவதில்லை. ஆனால் காதால் வரும் மொழி வேறு, கண்ணால் வரும் மொழி வேறு. ஜப்பானியத்தில் ஒலியைக் குறிக்கும் எழுத்து வரிசைகள் இரண்டு. அவற்றோடு சீனத்திலிருந்து வந்த கருத்தெழுத்துகள். பொது வழக்கிற்கென அரசு வரையறுத்தவை மட்டும் 2,136. முதல் வகுப்புக் குழந்தை ஓராண்டில் 80 எழுத்துகளைக் கற்றுவிடுகிறது. நான் அந்தக் குழந்தைக்கும் கீழே நின்றேன்.

சென்ற சில நாட்களில், 18ஆம் நாள் ஞாயிறு மாலை, விரிகுடாவுக்கு அப்பால் நிற்கும் சகுராஜிமா எரிமலை ஐந்து கிலோமீட்டர் உயரத்திற்குப் புகை எழுப்பியது. நகரின்மேல் சாம்பல் பொழிந்தது. மறுநாள் அண்டை வீட்டு மூதாட்டி மஞ்சள் நிறப் பை ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். சாம்பலை அள்ளிக் கட்டுவதற்கென்றே நகராட்சி வழங்கும் பை. அதன்மேல் இருந்த எழுத்துகளை நான் வெறித்து நிற்பதைக் கண்டவர், பேச்சை நிறுத்திவிட்டு, பெருக்கி, அள்ளி, முடிச்சிட்டு, அதை வைக்க வேண்டிய தெருமுனை வரை நடந்தும் காட்டினார். (அடுப்புச் சாம்பலால் பாத்திரம் துலக்கிய வீட்டுப் பிள்ளைக்கு, சாம்பலைத் துப்புரவின் பகையாகக் காண்பது மட்டும் சற்றுப் புதுமைதான்.)

என் தாய்க்கு எழுத்துத் தெரியாது. திருத்தணிப் பேருந்து நிலையத்தில் பலகையைப் பாராமல், "இது சோளிங்கர் போறதா?" என்று கேட்டே ஏறுவார். கேட்பதற்கு முன் கேட்கத் தகுந்த முகத்தைத் தேர்ந்தெடுப்பார். ககோஷிமாவின் டிராம் நிறுத்தங்களில் நானும் முகம் தேடினேன்: அவசரமில்லாதவர், தனியே நிற்பவர், கையில் குழந்தை இருப்பவர். கடையில் உப்பையும் சர்க்கரையையும் உறையின்மேல் விரலால் அழுத்திப் பார்த்துப் பிரித்தேன். பல்கலைக்கழகம் தந்த பட்டம் எதிலும் இவ்வித்தை அடங்கவில்லை. அது அம்மாவிடமிருந்து வந்தது. எழுத்தறியாதவரை ஒன்றுமறியாதவர் என்று கருதுவோர், ஒருநாள் முழுவதையும் எழுத்தின்றிக் கடப்பதற்கு எத்துணை நினைவாற்றலும் கூர்மையும் வேண்டும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

பள்ளியில் நான் 'சென்செய்'. முன்னே பிறந்தவர் என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். நாள்தோறும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக்கு மாறாகப் பெயர் பொறித்த சிறு முத்திரையைச் சிவப்பு மையில் தோய்த்துப் பதிக்க வேண்டும். என் பெயரின் இறுதி ளகரம் அவர்கள் நாவில் இல்லையாதலால், முத்திரையில் அது 'ரு' ஆயிற்று. வங்கியில் கைநாட்டு வைத்துவிட்டு, பெருவிரல் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொள்ளும் அம்மாவை ஒவ்வொரு காலையும் நினைத்துக்கொள்வேன். தலைமையாசிரியரும் முத்திரைதான் பதித்தார். எவரும் அதை இழிவாக எண்ணவில்லை. (2020க்குப் பின் அரசு நடைமுறைகள் பலவற்றில் முத்திரையைக் கைவிட்டுவிட்டனர்.)

மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து வகுப்பறைத் தரையைத் துடைக்கும் வேளை அங்கே அன்றாட ஒழுங்கு. ஆங்கிலப் பாடத்தில் வாய் திறவாத சிறுவன் ஒருவன், ஒருநாள் ஈரத்துணியில் விரலைத் தோய்த்துத் தரையில் நான்கு கோடுகள் இழுத்து, "மிஸு" என்றான். நீர் என்னும் எழுத்தை நீராலேயே எழுதிக் காட்டினான். அது உலர்வதற்குள் நான் மும்முறை எழுதிப் பார்த்தேன். அதன்பின் நாளுக்கோர் எழுத்து. அவனும் பதிலுக்கு ஓர் ஆங்கிலச் சொல் கேட்கத் தொடங்கினான்.

அந்நகருக்கு 1549 ஆகஸ்டு 15இல் வந்திறங்கியவர் புனித சவேரியார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் முத்துக்குளித்துறையில், இருமொழி அறிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழாக்கி மனனம் செய்து சிறுவர்க்குக் கற்பித்தவர். அந்த நவம்பரில் ககோஷிமாவிலிருந்து எழுதிய மடலில், மக்கள் தங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, மொழியறியாத் தாங்கள் சிலைகளைப் போல் நிற்பதாகக் குறிப்பிடுகிறார். புனிதரின் புகழ்பாடும் நூல்கள் இந்த வாயடைத்த மாதங்களை விரைந்து கடந்துவிடுகின்றன. எனக்கோ அவர் அங்கேதான் அணுக்கமானார்.

2016இல் ஊர் திரும்பினேன். முதியோர்க்கான எழுத்தறிவு மையத்தில் அண்மையில் அம்மா சேர்ந்தார். தம் பெயரை இப்போது எழுதுகிறார். வங்கியிலோ, கணக்கில் கைநாட்டே பதிவாகியுள்ளது, மாற்றப் படிவம் வேண்டும், புகைப்படம் வேண்டும், திங்களன்று வாருங்கள் என்றார்கள். இரண்டு திங்கட்கிழமைகள் சென்றுவிட்டன. படிவத்தை நான் நிரப்பித் தருவதாகச் சொன்னேன்.

"நானே எழுதறேன் நாயனா. நீ பக்கத்துல உக்காரு" என்றார்.

பெயர் முடிந்துவிட்டது. இப்போது முகவரியில் நிற்கிறார். கே.ஜி. என்பதில் ஜகரத்தின் சுழி மட்டும் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.