இரைச்சலும் ஒரு செய்திதான்

விமானத்தின் காக்பிட்டைப் படத்தில் பார்ப்பவர்கள் திரைகளையும் லீவர்களையும்தான் பார்க்கிறார்கள். விமானியின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒரு சின்னப் பலகை யார் கண்ணிலும் படுவதில்லை. வரிசையாகப் பட்டன்கள், அவற்றோடு சின்னச் சின்னக் குமிழ்கள். ஆடியோ கண்ட்ரோல் பேனல் என்று பெயர். விமானங்களின் மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்த்தே இருபது வருடங்களுக்கு மேல் கழித்தவன் நான். என்னைக் கேட்டால், அந்தப் பலகையின் பொறுப்பு மிகப் பெரியது. விமானி எதைக் கேட்கிறார், எதைக் கேட்பதில்லை என்பது அதில்தான் முடிவாகிறது.

ஏர்பஸ் ஏ320 விமானியின் காதில் நுழையக் காத்திருக்கும் ஒலிகளை எண்ணிப் பாருங்கள். வி.எச்.எஃப். ரேடியோக்கள் மூன்று. கடலைக் கடக்கும் விமானமானால் கரகரவென்று எச்.எஃப். பக்கத்து இருக்கைக்காரரின் குரல், கேபினிலிருந்து பணிப்பெண்ணின் அழைப்பு, தரையில் நிற்கும் மெக்கானிக். போதாததற்கு, கீழே இருக்கும் வழிகாட்டி நிலையங்கள் மோர்ஸ் சங்கேதத்தில் தங்கள் பெயரை ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். எல்லாம் ஒன்றாக வந்தால் சந்தைக்கடைதான். எனவே வேண்டியதைத் திறந்து, வேண்டாததை மூடி, முக்கியமானதைச் சற்று உரக்க வைத்துக்கொள்ளக் குமிழ்கள். மோர்ஸ் தொல்லையாக இருந்தால் அதை அடக்கத் தனியாக ஒரு பட்டன்.

பழைய விமானங்களில் ஒவ்வொரு ஒலியும் தனிக் கம்பி வழியாகப் பேனல் வரை ஓடி வரும். கம்பிகளின் எடையும் அதிகம், தொல்லையும் அதிகம். பிறகு வந்தவற்றில் பேனல் வெறும் ரிமோட் கண்ட்ரோல்தான். குமிழைத் திருப்பினால், 'கேப்டனுக்கு இரண்டாவது ரேடியோ, பாதிச் சத்தம்' என்பது போன்ற கட்டளை எண்களாக மாறி, வேறிடத்தில் இருக்கும் ஒரு பெட்டிக்குப் போகும். ஒலிகளைக் கலந்து காதுக்கு அனுப்புவது அந்தப் பெட்டி. முழுக்க டிஜிட்டலாகிவிட்ட அமைப்புகளில் குரலே எண்ணாகிவிடுகிறது. மைக்கில் நுழைந்ததும் அதை விநாடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து, எண்களாகக் கலந்து, கடைசியில் ஹெட்செட்டில்தான் மீண்டும் ஒலியாக்குகிறார்கள்.

இதை விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பயிற்சிப் பையன் கேட்டான்: "சார், எல்லாத்தையும் டிஜிட்டல் பண்ணிட்டா இரைச்சலே இல்லாம ஆக்கிடலாம் இல்லையா?"

நல்ல கேள்வி. ஆக்கலாம்தான். ஆனால் எந்த இரைச்சலை?

சில ஒலிகளை அடக்க விமானிக்கே உரிமை இல்லை. ஏ320இல் ஒலிபெருக்கியின் குமிழை முழுக்கக் குறைத்தாலும் ரேடியோப் பேச்சுதான் குறையும். மலை நெருங்குகிறது, மேலே ஏறு என்ற எச்சரிக்கை குறையாது. பெட்டியே மக்கர் செய்தால் என்ன செய்வது? போயிங் 737இல் அதற்கும் ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு. அதைத் தட்டியதும் கேப்டனுக்கு முதல் ரேடியோ, துணை விமானிக்கு இரண்டாவது ரேடியோ, அவ்வளவுதான். வசதிகளெல்லாம் போய்விடும், பேச்சு மட்டும் நிற்காது.

இன்னொன்றை நான் பையனுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். வீட்டு ரேடியோவெல்லாம் எஃப்.எம்.முக்கு மாறிய பிறகும் விமானப் பேச்சு ஏ.எம். முறையில்தான் நடக்கிறது. எஃப்.எம்.மில் இரண்டு பேர் ஒரே அலைவரிசையில் பேசினால் வலுவான குரல் மற்றதை விழுங்கிவிடும். இன்னொருவர் பேசியதே தெரியாது. ஏ.எம்.மில் இரண்டும் மோதிக் கீச்சென்று ஓர் ஒலி எழும். அந்தக் காலத்தில் சிற்றலையில் ஸ்டேஷன் தேடியவர்களுக்கு அந்தக் கீச்சொலி நினைவிருக்கும். வார்த்தை புரியாது. ஆனால் ஏதோ ஒரு வார்த்தை தொலைந்துவிட்டது என்பது புரியும்.

1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளில் டெனரீஃப் விமான நிலையம். ஓடுபாதையில் மூடுபனி. அதன் ஒரு முனையில் கே.எல்.எம். நிறுவனத்தின் ஜம்போ, அதே பாதையில் எங்கோ நடுவில் பான் ஆம் ஜம்போ. ஒன்றை மற்றது பார்க்க முடியவில்லை. கே.எல்.எம். கேப்டன் அனுமதி கிடைக்காமலே கிளம்பிவிட்டார். கட்டுப்பாட்டு கோபுரம் சரி என்று தொடங்கி, காத்திருங்கள் என்றது. அதே கணத்தில், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்றது பான் ஆம். இரண்டும் மோதின. கே.எல்.எம். காக்பிட்டில் விழுந்தது அந்தச் சரி மட்டும்தான். அதன்பின் ஏறக்குறைய 4 விநாடிக் கீச்சொலி. அதற்குப் பிறகும் விமானப் பொறியாளருக்குச் சந்தேகம் வந்து கேட்டார். கேப்டன் உறுதியாக இருந்தார். 583 பேர் இறந்தார்கள்.

விபத்துக்குக் காரணங்கள் பல. பனி, நெரிசல், அவசரம், அரைகுறை வாக்கியங்கள். அதன்பின் விதிகளும் மாறின. 'டேக் ஆஃப்' என்ற சொல்லை அதற்கான அனுமதி தரும்போதோ ரத்து செய்யும்போதோ தவிர வேறெங்கும் பயன்படுத்தக் கூடாது என்றார்கள். ஆனால் ஒலிக் கருவிகளோடு வாழ்ந்த எனக்கு உறுத்துவது அந்த 4 விநாடிகள்தான். கருவி தன் வேலையைச் செய்தது. ஏதோ தொலைந்துவிட்டது என்று கத்திச் சொன்னது. என்ன தொலைந்தது என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

இன்றைய கருவிகளால் அந்தக் கீச்சொலியை வடிகட்டி எறிவது பெரிய காரியமல்ல. காதுக்கும் இதமாக இருக்கும். ஆனால் அந்த இடத்தில் மிஞ்சுவது மௌனம். மௌனத்தைக் கேட்கிறவன், தனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வான்.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இரைச்சல் வந்தா என்ன சார் பண்ணணும்?" என்றான்.

விமானிகளின் பாஷையில் அதற்கு இரண்டே சொற்கள்தான் என்றேன்: 'சே அகெய்ன்'. மறுபடியும் சொல்லுங்கள். அதைக் கேட்கத் தயங்குகிறவருக்கு எந்த டிஜிட்டல் பெட்டியும் உதவாது.