நின்ற நிலையில் அறிதல்

இயங்கும் பொருள் எதுவாயினும், தான் நிற்குமிடம் அறிந்தாலன்றி அடுத்த அடி எடுத்து வைத்தல் அரிது. இவ்வுண்மையை யாம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு மோட்டாரிடம் கற்றோம். ரேடியோ அலைகளால் தொலைவிலிருந்து ஓட்டப்பெறும் சிறு கார்களில் உள்ள பிரஷ்லெஸ் மோட்டாரே அது.

பழைய வகை மோட்டாரில், செப்புத் தகடுகளை உரசும் கரித்துண்டுகளே எச்சுருளுக்கு எப்போது மின்சாரம் செல்லவேண்டும் என்பதை முறைப்படுத்தின. தேய்வும் தீப்பொறியும் அவற்றின் குறைகள். பிரஷ்லெஸ் மோட்டாரில் அவ்வுரசல் இல்லை. காந்தம் நடுவே சுழல, மூன்று தொகுதிச் சுருள்கள் சுற்றிலும் அசையாது நிற்கின்றன. அவற்றிற்கு முறைவைத்து மின்சாரம் அளிக்கும் பொறுப்பு, கட்டுப்பாட்டுக் கருவியைச் சேர்கிறது. இரு துருவக் காந்தமாயின் ஒரு சுற்றுக்கு 6 மாற்றங்கள். நிமிடத்திற்கு 30,000 சுற்றுகளெனின் வினாடிக்கு 3,000 மாற்றங்கள்! காந்தம் இருக்கும் நிலையை அறியாது இஃது எங்ஙனம் கூடும்?

அறியும் வழிகள் இரண்டு. 1879இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த எட்வின் ஹால், மின்சாரம் பாயும் மெல்லிய தங்கத் தகட்டின்மீது காந்தப்புலம் செங்குத்தாக அமையின், தகட்டின் பக்கவாட்டில் சிறு மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டார். அவ்விளைவால் இயங்கும் 3 உணரிகளை மோட்டாரினுள் அமைப்பது முதல் வழி. ஒவ்வொன்றும் எதிர்ப்படும் துருவத்திற்கேற்ப 1 அல்லது 0 என்று விடை தரும். மூன்றும் சேர்ந்தால் 8 விடைகள் கூடும். அவற்றுள் 000, 111 ஆகிய இரண்டும் முறையான இயக்கத்தில் வாரா. எஞ்சிய 6 விடைகளும் சுற்றின் 6 பகுதிகளைக் குறிக்கும். காந்தம் அசையாது நின்றாலும் விடை உண்டு.

இரண்டாவது வழியில் உணரி இல்லை. இரு சுருள்களில் மின்சாரம் பாயும்போது மூன்றாவது ஓய்ந்திருக்கும். சுழலும் காந்தம் அதில் தூண்டும் மின்னழுத்தம் நடுநிலையைக் கடக்கும் கணத்தைக் கருவி நோக்கியிருந்து, 30 பாகை கழித்து அடுத்த சுருளுக்கு மாறுகிறது. அழகிய உத்தியே. ஆயினும் நிற்கும் காந்தம் எதையும் தூண்டுவதில்லை. ஆதலின் புறப்படும்போது கருவி குருட்டாம்போக்கில் தள்ளிப் பார்க்கிறது. பாரமேறிய வண்டி உதறுகிறது. சிலபோது பின்னோக்கியும் துள்ளுகிறது.

எம் தெருவைச் சேர்ந்த பள்ளி மாணவன் ஒருவன், ஓராண்டு சேமிப்பில் வாங்கிய வண்டியோடு வாடிய முகத்தனாய் எம்மிடம் வந்தான். மோட்டாரையே மாற்றவேண்டும் என்று கடையில் கூறிவிட்டனராம். அதற்கு அவனிடம் பணமில்லை. ஓட்டிப் பார்த்தோம். புறப்படுகையில் உதறிய வண்டி, வேகம் பிடித்ததும் நீரோட்டம்போல் ஓடியது. மோட்டார் பழுதாயின் வேகத்திலும் தடுமாற்றம் இருத்தல் வேண்டுமே! ஐயம் உணரிக் கம்பிகளின்மேல் சென்றது. மின்னூட்டம், தரை, மூன்று உணரிகள், வெப்பமானி என 6 கம்பிகள் கொண்ட அவ்விணைப்பில் ஒன்று உறைக்குள்ளேயே அறுந்திருந்தது. உணரியின் விடை கிட்டாமையால் கருவி தானாகவே இரண்டாவது வழிக்கு மாறியிருந்தது. புதிய இணைப்புக் கம்பியைச் செருகினோம். வண்டி எறும்பு ஊர்வதுபோல் மெல்லப் புறப்பட்டது. அவன் முகம் மலர்ந்தது.

ஓடத் தொடங்கிய பின் வழி காட்ட, ஓட்டமே துணை நிற்கும். புறப்படாது நிற்போர்க்கோ, நிற்குமிடத்தை உணர்த்த ஒரு மெல்லிய கம்பியேனும் வேண்டும். அது அறுந்தமை காணாது, பொருளே பழுதென்று ஒதுக்குதல் முறையாகாது. மோட்டாருக்கு மட்டுமா இது? மாணவர்க்கும் பொருந்தும் என்றே எண்ணுகிறோம்.