கீழறைக்கு வாடகை

சந்தவாசலில் எங்கள் மனை சரிவானது. அதனால் வீட்டுக்கு அடியில், பாதி தரைக்குள் போனபடி ஓர் அறை உண்டு. நெல் மூட்டைகள் கிடக்கும். போன மாதம் ஒரு தம்பி வந்து, "ஐயா, பரீட்சைக்குப் படிக்க அந்த அறையைக் கொடுங்கள், மாதம் இரண்டாயிரம் தருகிறேன்" என்றார். மருந்துச் செலவுக்கு ஆகும் என்று சரி சொல்லிவிட்டேன்.

இரவு தூக்கம் வரவில்லை. 2024 ஜூலை 27 அன்று டெல்லி பழைய ராஜேந்திர நகரில், ஒரு பயிற்சி மையத்தின் நிலவறையில் மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்த நிலவறைக்கு அனுமதி, வண்டி நிறுத்தவும் சாமான் வைக்கவும்தான். அதை நூலகமாக நடத்தியிருந்தார்கள்.

டார்ச் எடுத்துக்கொண்டு இறங்கிப் பார்த்தேன். சன்னல் இல்லை. ஒரே கதவு, அதுவும் வெளிப்பக்கம் திறப்பது. மலையில் மழை கொட்டினால் தெருத்தண்ணீர் படியில் இறங்கும். அது நின்றுவிட்டால் உள்ளிருந்து கதவைத் தள்ள முடியாது.

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிய வேண்டும். குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அது பெரிய வேலையில்லை. ஆனால் அந்தக் காகிதம் தண்ணீரை நிறுத்தாது.

காலையில் தம்பியிடம், "கீழே வேண்டாம், மாடி அறையில் இருங்கள், அதே வாடகைதான்" என்றேன். பேரப்பிள்ளைகள் வந்தால் கூடத்தில் பாய் விரித்துக்கொள்ளலாம். நெல் மூட்டை கீழேயே இருக்கட்டும்.