புல்லரியும் பொறி

திருவண்ணாமலையிலிருந்து செங்கம் செல்லும் சாலையில், மலையின் தென்புற அடிவாரத்தே இரமணாசிரமம் அமைந்துள்ளது. 1922ஆம் ஆண்டில் தோன்றிய அவ்வாசிரமத்தைச் சூழ்ந்து வீடுகளும் விடுதிகளும் தோட்டங்களும் இப்பொழுது நிறைந்துவிட்டன. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பருவமழை பெய்தவுடன் வேலியோரம், கிணற்றடி, நடைபாதை என எங்கும் புல் மண்டிவிடும். தீபத் திருவிழாவிற்கு வருவோர் மலையின் பசுமையைக் கண்டு மகிழ்ந்து செல்வர். அதே புல் மாசி, பங்குனியில் காய்ந்து சருகாகி நிற்பதை எண்ணுவோர் சிலரே. அப்பொழுது ஒரு சிறு பொறி போதும். சரிவு முழுதும் பற்றிக்கொள்ளும். ஆண்டுக்கணக்காக நீரூற்றி வளர்த்த மரக்கன்றுகள் ஓரிரவில் கரிந்துவிடும். ஆதலின், ஃபாரஸ்ட் வே என்னும் அறக்கட்டளையினர் கோடை வருமுன்னரே மலையில் புல்லை அகற்றித் தீ தாண்டாத இடைவெளிகளை அமைத்து வருகின்றனர். அடிவாரத்து வீட்டினரும் தத்தம் தோட்டத்துப் புல்லை வெட்டிவிடுதல் நன்று.

பொறி என்பது தீத்துளிக்கும் பெயர், இயந்திரத்திற்கும் பெயர். முன்னைப் பொறிக்கு அஞ்சியவர் பின்னைப் பொறியைக் கையில் எடுத்திருக்கின்றனர். மின்சாரத்தால் இயங்கும் அதனை ஊரார் ‘புல் வெட்டும் மிஷின்’ என்பர். அதில் வாள் இல்லை, கத்தியும் இல்லை. நைலான் நூல் ஒன்றே உண்டு. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் வாழ்ந்த ஜார்ஜ் பல்லாஸ் என்பார், கார் கழுவும் நிலையத்தில் சுழன்ற தூரிகைகளைக் கண்டு, 1971ஆம் ஆண்டில் ஒரு தகர டப்பாவில் துளையிட்டு, தூண்டில் நூலைக் கோத்துச் சுழற்றிப் பார்த்தார். துவளும் நூல், சுழலுங்கால் விறைத்து நின்று புல்லை அரிந்தது. இப்பொறி பிறந்த கதை இதுவே.

நூல்தானே என்று இதனை எளிதாக எண்ணலாகாது. 25 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தில் நிமிடத்திற்கு 9000 முறை சுழலும் நூலின் முனை, நொடிக்கு 100 மீட்டருக்கு மேல் விரைகின்றது. மலையடி நிலமோ பரற்கல் நிறைந்தது. நூல் பட்ட கல் எத்திசையில் தெறிக்கும் என்று எவரும் அறியார். கால்களுக்கு மூடிய காலணியும் முழுக்காற்சட்டையும் வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி இன்றியமையாதது; கால் காயம் ஆறும், கண் போனால் வருமோ? சிறுவரும் கன்றுகாலிகளும் 15 மீட்டருக்கு அப்பால் இருத்தல் வேண்டும். பொறியோடு வந்த காப்புத்தகடு பாரமென்று அதனைக் கழற்றிவிடுவோர் உளர். அது அறியாமை.

கல்லினும் கொடியது கண்ணுக்குப் புலப்படாத மின்சாரம். வீட்டில் ஃபியூஸ் இருக்கின்றதே, அது காக்கும் என்பர் பலர். ஃபியூஸ் கம்பி உருகப் பல ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். மனிதனைக் கொல்வதற்கோ ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கும் மிகுதி. ஆகவே, ஃபியூஸ் காப்பது கம்பியையேயன்றி மனிதனையன்று. ஆர்.சி.சி.பி. என வழங்கும் கருவியோ, செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் இடையறாது ஒப்பிடுகின்றது. 30 மில்லி ஆம்பியர் அளவு குறைந்தாலும், அது வேறு வழியே மண்ணுக்குக் கசிகின்றது என உணர்ந்து, கணப்பொழுதில் இணைப்பைத் துண்டிக்கின்றது. எனினும், இரு கம்பிகளையும் ஒருசேரத் தொட்டவனை அதுவும் காவாது. ஈரப்புல்லில் இப்பொறியை இயக்கலாகாது. பனி உலர்ந்த பின்னரே தொடங்க வேண்டும். கம்பியைத் தோள்வழியே முதுகுப்புறம் விட்டுக்கொண்டு, அது கிடக்கும் இடத்திலிருந்து விலகி முன்னோக்கி வெட்டிச் செல்லுதல் முறை. மேலுறை வெடித்த கம்பியை நாடாச் சுற்றி ஒப்பேற்றுவது பேதைமை.

அப்பகுதித் தோட்டமொன்றில் முதியவர் ஒருவர் தம் தங்கை மகனைப் பழக்கிக்கொண்டிருந்தார். சுழலியில் புல் சிக்கிக்கொண்டது. இளைஞன் விசையை நிறுத்திவிட்டு விரலை உள்ளே நுழைக்கப் போனான்.

“செருகியைப் பிடுங்கிவிட்டு வா” என்றார் முதியவர்.

“விசையை நிறுத்திவிட்டேனே, மாமா!”

“ஒரு கை உள்ளே துழாவும்போது மற்றொரு கை விசையை அழுத்தாது என்று யார் சொன்னது?”

இளைஞன் ஒன்றும் கூறாது சென்று செருகியைப் பிடுங்கி வந்தான்.

அம்முதியவர் மரக்கன்றின் அருகே பொறியைக் கொண்டுசெல்லவே விடமாட்டார். புறத்தே வன்மை உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வன்மை உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியம் மரபியல் பகுக்கின்றது. அம்முறைப்படி பனையும் தென்னையும் புல்லினமே. வேம்பு, புங்கு முதலிய மரங்களுக்கு உயிர்நிலை பட்டையை ஒட்டியே உள்ளது. இலை சமைத்த உணவு வேருக்கு இறங்கும் வழியும் பட்டையின் உட்புறமே. இளங்கன்றின் அடியைச் சுற்றிலும் நூல் பட்டையை உரித்துவிடின், அவ்வழி அறுபட்டு வேர் பட்டினி கிடக்கும். சில திங்களில் கன்று பட்டுப்போகும். தீயினின்று மரத்தைக் காக்கப் புல்லை வெட்டுவார், வெட்டும்போதே மரத்தைக் கொல்வது பரிதாபமன்றோ?

பொறியைப் பேணுவதில் அரிய நுணுக்கம் ஒன்றுமில்லை. வேலை முடிந்ததும் செருகியைப் பிடுங்கி, ஒட்டிய புல்லை மரக்குச்சியால் சுரண்டி, காற்றுத் துளைகளை உலர்ந்த தூரிகையால் துடைத்தால் போதும். துளை அடைபட்டால் மோட்டார் வெம்பிக் கருகும். நீரூற்றிக் கழுவுதல் மட்டும் அறவே கூடாது. நூல் தீர்ந்த இடத்தில் இரும்புக் கம்பியைக் கோப்பவர் சிலர். அது முறிந்து அம்புபோல் பாயும். நைலான் நூல் வெயிலில் உலர்ந்தால் நொறுங்கும் இயல்பினது. ஆகவே முதியவர் புதுநூலை ஒருநாள் நீரில் ஊறவைத்து, துடைத்த பின்னரே சுழலியில் சுற்றுவார்.

அவருடைய கொட்டகைச் சுவரில், ஈரம் படாத ஆணியொன்றில் பொறி தொங்குகின்றது. பக்கத்து ஆணியில் பழைய அரிவாள். பாறை இடுக்கிலும் கன்றுகளின் தூரிலும் அவர் இன்றும் அதனைக்கொண்டே, முதலில் கோலால் தட்டிப் பாம்பு இல்லை எனத் தெளிந்து, புல் அரிகின்றார்.