டர்போ மாட்டுவதற்கு முன்...

1962-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் 'ஜெட்ஃபயர்' என்றொரு காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 3.5 லிட்டர் அலுமினிய வி8 இன்ஜின், அதில் ஒரு டர்போ, 215 குதிரைத்திறன். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் இந்தக் காருக்குப் பெட்ரோல் மட்டும் போதாது. 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்' என்ற திரவத்தையும் தனியாக ஒரு தொட்டியில் ஊற்ற வேண்டும். பெயர்தான் ராக்கெட்! உள்ளே இருந்தது காய்ச்சி வடித்த தண்ணீர், மெத்தனால், துருப்பிடிக்காமல் இருக்க ஒரு ரசாயனம். அவ்வளவுதான்.

காருக்கு எதற்குத் தண்ணீர்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தாலே டர்போவைப் பற்றிப் பாதி தெரிந்துவிட்ட மாதிரி.

இன்ஜினிலிருந்து வீணாக வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. இதுதான் டர்போ. கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு, அதாவது 14.7 பிஎஸ்ஐ. டர்போ இன்னும் 7 பிஎஸ்ஐ கூட்டினால், கணக்குப்படி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காற்று உள்ளே போகும். காற்று கூடினால் பெட்ரோலையும் கூட்டலாம், சக்தியும் கூடும். கேட்பதற்கு இலவசம் போலத்தான் இருக்கிறது.

ஆனால் சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், கொஞ்ச நேரத்தில் பம்பின் அடிப்பாகம் சுடும். காற்றை அழுத்தினால் அது சூடாகும். சூடான காற்றை பிஸ்டன் மேலும் அழுத்தும்போது, ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ பரவி வந்து சேருவதற்கு முன்பே மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடலாம். மெக்கானிக்குகள் இதை 'நாக்கிங்' என்பார்கள். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம். பிஸ்டன் உடைவதும் ஹெட் கேஸ்கெட் போவதும் பெரும்பாலும் இதனால்தான். வேகமாகப் போகும்போது காற்றின் இரைச்சலில் அந்தச் சத்தம் ஓட்டுபவர் காதில் விழாமலே போகலாம் என்பதுதான் கொடுமை.

ஜெட்ஃபயரின் கம்ப்ரெஷன் விகிதம் 10.25:1. டர்போ இன்ஜினுக்கு அது மிக அதிகம். அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் தண்ணீரும் மெத்தனாலும். திரவம் தீர்ந்துவிட்டால் டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த ஒரு வால்வும் வைத்திருந்தார்கள். ஆனாலும் நடந்தது என்ன? பலர் திரவத்தை நிரப்ப மறந்தார்கள். பிறகு காரில் இழுவை இல்லை என்று குறைப்பட்டார்கள். 1963-உடன் அந்தக் கார் நின்றுபோனது. டர்போவையே கழற்றிப் போட்டு ஓட்டியவர்களும் உண்டு. மனிதனின் ஞாபகசக்தியை நம்பிக் கட்டிய பாதுகாப்பு அதிக நாள் தாங்காது என்பதுதான் இதில் உள்ள பாடம்.

1977-இல் ஸ்வீடனின் சாப் நிறுவனம் தன் 99 டர்போவைக் காட்டியபோது வேறு வழியில் போனது. கம்ப்ரெஷனை 7.2:1 ஆகக் குறைத்தது. அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் புகையை டர்போவுக்குப் போகவிடாமல் பக்கவழியில் திருப்பிவிடும் 'வேஸ்ட்கேட்' என்ற கதவை வைத்தது. 145 குதிரைத்திறனோடு நிறுத்திக்கொண்டது. ஓட்டுபவர் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. 1980-களின் தொடக்கத்தில் நாக்கிங்கைத் தானே உணர்ந்து அழுத்தத்தைக் குறைக்கும் கருவியையும் சேர்த்தது.

இவையெல்லாம் தொழிற்சாலையிலேயே டர்போவுக்காகத் தயாரான கார்கள். டர்போ இல்லாமல் வந்த காரில் பிறகு மாட்டுவது வேறு கதை. இதற்கு நல்ல உதாரணம் மஸ்டாவின் மியாட்டா. 1989-இல் வந்த இந்தச் சிறிய காரில் 1.6 லிட்டர் இன்ஜின், அமெரிக்காவில் 116 குதிரைத்திறன், கம்ப்ரெஷன் 9.4:1. இதே குடும்பத்து இன்ஜினை மஸ்டா தன் 323 காரில் டர்போவோடு வைத்தபோது கம்ப்ரெஷன் 7.9:1 மட்டுமே. இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியில்தான் ஆபத்து இருக்கிறது. உள்ளே இருக்கும் பிஸ்டனை மாற்றாமல் டர்போ மாட்டுபவர், அழுத்தத்தைக் குறைவாக வைத்துத்தான் அந்த இடைவெளியை ஈடுகட்ட வேண்டும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பொதுவாக 6 முதல் 8 பிஎஸ்ஐ-யோடு நின்றுகொள்கிறார்கள்.

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரெஷனையும் அளந்து பார்க்க வேண்டும். கணக்குப் புத்தகத்தைப் பார்க்காமல் எந்த வங்கியும் கடன் தராது. நோஞ்சான் இன்ஜினில் டர்போ மாட்டுவது, நஷ்டத்தில் ஓடும் கடைக்கு வட்டிக்குக் கடன் வாங்குவது போலத்தான்.

அடுத்தது பெட்ரோல். காற்று கூடி பெட்ரோல் கூடாவிட்டால் இன்ஜின் வெந்துவிடும். சாதாரண ஓட்டத்தில் 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று. முழு அழுத்தத்தில் அது சுமார் 11.5 முதல் 12 கிலோவுக்குள் இருக்க வேண்டும். பெரிய இன்ஜெக்டர், அதற்கேற்ற கம்ப்யூட்டர், கலவையைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் ஆகிய மூன்றும் டர்போவுக்கு முன்பே வாங்க வேண்டியவை. அழுத்தம் ஏற ஏற ஸ்பார்க் சற்றுத் தாமதமாக விழும்படியும் அந்தக் கம்ப்யூட்டரில் மாற்ற வேண்டும். காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் வேண்டும். ஜெட்ஃபயரின் தண்ணீர் செய்த வேலையை இது நிரப்பச் சொல்லாமலே செய்யும்.

ஆயில் விஷயத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. அந்த ஆயில் திரும்பும் குழாய் பெரிதாகவும் மடங்காமலும் கீழ்நோக்கிச் சரிந்தும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் தேங்கி, டர்போ புகை கக்க ஆரம்பிக்கும். ஆயிலைச் சீக்கிரம் மாற்றுவதும், வேகமாக ஓட்டி வந்தவுடன் இன்ஜினை அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஓடவிடுவதும் காசு செலவில்லாத காப்பீடு. கிளட்ச், ரேடியேட்டர், பிரேக் மூன்றையும் மறக்கக் கூடாது. வேகம் கூடிய காரை நிறுத்தவும் வேண்டுமே!

சட்டத்தையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. சொல்லாமல் செய்த மாற்றத்தால் விபத்து நாளில் இன்சூரன்ஸும் கைவிரிக்கலாம்.

2004-இல் மஸ்டாவே மியாட்டாவில் டர்போ வைத்து விற்றது. எத்தனை குதிரைத்திறன் தெரியுமா? 178. டர்போ இல்லாத 1.8 லிட்டர் மாடலுக்கு 142. இன்ஜினை வடிவமைத்தவர்களும் சோதனைக்கூடமும் கையில் இருந்தும் அந்த நிறுவனம் கூட்டியது வெறும் 36. அதற்கே இன்டர்கூலர் வைத்து, கிளட்சையும் அச்சுகளையும் பலப்படுத்தியது.

டர்போ புதிதாகப் பலத்தைக் கொடுப்பதில்லை. இன்ஜினை வடிவமைத்தவர் எதற்கும் இருக்கட்டும் என்று மிச்சம் வைத்த பலத்தைத்தான் எடுத்துச் செலவு செய்கிறது. அந்தச் சேமிப்பில் கொஞ்சம் எடுத்தால் தினமும் ஓட்ட ஒரு நல்ல கார் கிடைக்கும். மொத்தத்தையும் எடுத்தவர் வீட்டுக்கு பஸ்ஸில்தான் போக வேண்டும்.